வெள்ளிமணி விட்ட கொட்டாவி

அந்தத் தொடரைப் பார்ப்பதில்லை என்று நான் சபதமே எடுத்திருந்தேன். அதைக் கெடுத்தவர் என் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அடுத்தவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிவிட்டு வருகிறவர், வீட்டுக்குள் நுழைந்தால் சோபாவை விட்டு அசைய மாட்டார். "ஊரே வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்க்குது. நாம மட்டும் என்ன சாமியாரா?" என்று ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நடிகை ஒருத்தி தன் வீட்டு மாடியறையில் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கைப் பற்றிய தொடர். இருபது வருஷம் ஆகப் போகிறது. அப்போது பிறந்தே இராதவர்களெல்லாம் இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து அதை அலசுகிறார்கள். அவளுக்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் வெள்ளிமணி. குரலுக்காக வைத்த பெயர். அந்தக் குரல் அவளுடையது இல்லை, என்னுடையது.

நான் டப்பிங் கலைஞர். அவள் முகம் தங்கம், ஆனால் குரல் ஜலதோஷம் பிடித்த ஆம்பிளைக் குரல். முதல் படத்திலேயே தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டு அவளுக்குப் பேச வைத்தார். பிறகு அவளைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டார். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை வாயை அசைத்தது அவள், பேசியது நான். டைட்டிலில் என் பெயர் வராது. வெளியில் மூச்சு விடக் கூடாது என்று தயாரிப்பாளர் வாக்கு வாங்கிக்கொண்டார். 'சொந்தக் குரல்' என்பதுதான் அவர் ஊரெல்லாம் அடித்த தம்பட்டம். விழாக்களுக்குப் போனால் அவள் சிரித்துக் கையசைப்பாளே தவிர, வாயைத் திறக்க மாட்டாள். வீட்டு வேலையாட்களிடம்கூடச் சைகைதான். அதையும் அடக்கம் என்று எழுதினார்கள்.

குரலைக் காப்பாற்ற அவள் தினமும் தேன் குடிக்கிறாள் என்று ஒரு பத்திரிகையில் வந்தது. அன்றைக்கு அவள் எனக்குப் போன் பண்ணி, "அக்கா, இன்னிக்குத் தேன் குடிச்சீங்களா?" என்று கேட்டு, மூக்கால் உறுமி உறுமிச் சிரித்தாள். கூடப் பிறந்தவளாக இருந்தாலும் அவ்வளவு பிரியமாக இருந்திருப்பாளா என்பது சந்தேகம்தான். ரகசியம் என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். என் தங்கைகளுக்குக்கூடத் தெரியாது.

அவள் செத்த சேதி வந்த நாளோடு நான் பேப்பரைத் தொடுவதை விட்டேன். தயாரிப்பாளர் அன்று மாலையே ஒரு விருது விழாவுக்குப் போய்விட்டார். ஆயிரம் பேர் அவரைப் பார்த்திருக்கிறார்கள். அவர் போன பிறகு, அவளே வாசல் வாட்ச்மேனுக்குப் போன் பண்ணி டிரைவரை மாடிக்கு அனுப்பச் சொன்னாளாம். டிரைவர் மேலே போனானாம். அலறல் கேட்டு வாட்ச்மேன் ஓடிப் பார்த்தபோது, கையெல்லாம் ரத்தமாக நின்றானாம். "கீழ கிடந்தாங்க, தூக்கிப் பார்த்தேன்" என்று அவன் சொன்னதை ஒரு ஆள் நம்பவில்லை. நானும்தான். ஆயுள் தண்டனை என்று கேட்டதும், இந்தப் படுபாவியை ஏன் தூக்கில் போடவில்லை என்று வாயாரச் சபித்தேன். என்னை டப்பிங் தியேட்டருக்குக் கூட்டிப்போய், வாசலில் வண்டியை நிழலில் போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவன். எனக்கு மழையில் குடை பிடித்தவன். அவனா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தோடு விட்டுவிட்டேன்.

மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. ராத்திரியில் டிரைவரை மாடிக்குக் கூப்பிடுகிறவள் எப்படிப்பட்டவள் என்று ஆளாளுக்கு ஒரு நாக்கு நீண்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

இப்போது தொடர் வந்த பிறகு காதைத் திறந்து வைக்க வேண்டியதாகிவிட்டது. அவளாக நடிக்கிற பெண்ணுக்கு மூக்கு மட்டும் சரி, மீதியெல்லாம் தப்பு. நிஜத்தில் அவள் வீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, ரொட்டி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தின்கிற ஜாதி. தொடரிலோ எந்நேரமும் பட்டுத் தலையணையில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் காட்சியிலும் அவளுக்குத் தேனொழுகுகிற குரலைக் கொடுத்திருந்தார்கள்.

"நல்லாத்தான பேசுது அந்தப் பொண்ணு?" என்றார் வீட்டுக்காரர்.

"என்னை மாதிரிப் பேசப் பார்க்குது. வரல."

"பொறாமை!" என்று சிரித்தார்.

கோர்ட் காட்சி வந்த அன்று நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் ஏதோ எழுத்துப் போட்டார்கள் போலிருக்கிறது. வீட்டுக்காரர் எனக்காகச் சத்தமாகப் படித்தார்: "இந்தப் பகுதியில் வரும் சாட்சியங்கள் நீதிமன்றப் பதிவுகளில் உள்ளபடியே தரப்படுகின்றன."

"ஆமாமா, அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைங்க" என்றேன்.

கூண்டில் வாட்ச்மேன். டிரைவர் தரப்பு வக்கீல் கேட்டார்: "நீங்க அந்த வீட்ல வேலைக்குச் சேர்ந்தே ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி அவங்க உங்ககூடப் பேசியிருக்காங்களா?"

"இல்லீங்கய்யா. கார்ல போறப்ப தலையாட்டுவாங்க. அவ்வளவுதான்."

"அப்புறம் எப்படி? அன்னிக்குப் போன்ல பேசினது அவங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"என்னய்யா இப்படிக் கேட்டுப்புட்டீங்க! வெள்ளிமணிக் குரல் தெரியாதவன் இந்த நாட்டுல உண்டா? அவங்க படம் ஒண்ணு விடாமப் பார்த்தவன் நான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. நீதிபதி சிரித்தார். கேள்வி கேட்ட வக்கீலும் சிரித்துவிட்டார். ஹாலில் என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். என்னவென்று புரியவில்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் உடம்புக்குத் தெரிந்தது. கையைத் துடைக்காமலே ஹாலுக்கு வந்தேன்.

டி.வி.யில் அரசு வக்கீல் எழுந்து கேட்டார்: "சரி, என்ன சொன்னாங்க? வார்த்தை மாறாமச் சொல்லுங்க."

"'நான் தூங்கப் போறேன். யாரு வந்தாலும் உள்ள விடாத'ன்னாங்க. அப்புறம், பாவம், நடுவுல ஒரு கொட்டாவி விட்டாங்க. நல்லா நீளமா. அதுக்கப்புறம்..."

"டிரைவர் வந்தா மட்டும் மேல அனுப்பு" என்றேன் நான்.

"'டிரைவர் வந்தா மட்டும் மேல அனுப்பு'ன்னாங்க" என்றார் டி.வி.யில் வாட்ச்மேன்.

வீட்டுக்காரர் எரிச்சலோடு திரும்பினார். "இதை மட்டும் எனக்குத் தெரியாம முன்னாடியே பார்த்துட்டியா? முடிவைச் சொல்லாதேன்னு எத்தனை தடவை..."

என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க பதில் சொன்னீங்களா?" என்று வக்கீல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"'சரிங்கம்மா, வணக்கங்கம்மா'ன்னேன். பெரிய இடமில்லையா, பதில் வரல. வச்சுட்டாங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா? பிரஷரா? மாத்திரை போட்டியா?"

"அது நான்."

"எது?"

"அந்தக் கொட்டாவி. அது நான் விட்டது."

பாதியில் நின்றுபோன படம் ஒன்று. பணக்கார வீட்டுப் பெண், டிரைவரின் உதவியோடு வீட்டை விட்டுத் தப்பிக்கிற கதை. அதில் இந்த வசனம் வரும். வேலைக்காரர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று அவள் பொய்யாகத் தூக்கக் கலக்கத்தில் பேசுவாள். வசனத்துக்கு நடுவில் கொட்டாவி. டப்பிங்கில் அழுவது சுலபம், சிரிப்பது அதைவிடச் சுலபம், கொட்டாவிதான் உயிரை வாங்கும். திரையில் அவள் வாய் திறந்து மூடுகிற அளவுக்குச் சரியாக விட வேண்டும். வேண்டுமென்று விட்டால் முனகல் மாதிரி கேட்கும். ஒரு காலைப்பொழுது முழுக்க விட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்டு இன்ஜினியர், அவரைக் காது என்றுதான் கூப்பிடுவோம், மைக்கில் கேட்டார்: "அக்கா, அது கொட்டாவியா, பல்லு புடுங்கறாங்களா?"

கடைசியில் அவருக்கே அலுத்துப்போய், கண்ணாடிக்குப் பின்னால் வாயைப் பிளந்து நிஜமாக ஒரு கொட்டாவி விட்டார். அதைப் பார்த்த எனக்கும் தொற்றிக்கொண்டது. வசனத்தின் நடுவில், அவள் வாய் திறந்த அதே இடத்தில், தானாக வந்தது. கண்ணில் தண்ணீர் கட்டுகிற அளவுக்கு நீளமான கொட்டாவி. டேக் ஓகே. காது எழுந்து நின்று கைதட்டினார். அதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

அந்தப் படம் வெளியே வரவே இல்லை. டைரக்டரும் தயாரிப்பாளரும் முட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. எந்தத் தியேட்டரிலும் ஓடவில்லை, எந்த டி.வி.யிலும் வரவில்லை. அன்றன்று ஓகேயானதைக் காது ஒரு கேசட்டில் எடுத்துத் தயாரிப்பாளர் கையில் கொடுப்பார். அவர் அதைக் காரில் போட்டுக் கேட்டுக்கொண்டே தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அந்தக் கொட்டாவியைக் கேட்டவர்கள் உலகத்தில் அவ்வளவு பேர்தான்.

இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"வீட்ல இருக்கறவங்க வாட்ச்மேன்கிட்ட வேற என்ன சொல்லுவாங்க? யாரையும் விடாதன்னுதான் சொல்லுவாங்க. தூக்கம் வந்தா கொட்டாவி விடத்தான் செய்வாங்க. நீ எதையாச்சும் போட்டுக் குழப்பிக்காத."

"அவ குரல் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அவருக்குத் தெரியும். ஒருதடவை அவள் போன் பண்ணியபோது இவர்தான் எடுத்தார். எடுத்துவிட்டு, "லாரி ஆபீஸ்லேர்ந்து யாரோ உன்னைக் கூப்பிடறாரு" என்று என்னிடம் கொடுத்தார். அவள் அதை மறுமுனையில் கேட்டுவிட்டு வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அவ நிஜமாவே போன்ல பேசியிருந்தா, அந்த வாட்ச்மேன் என்ன சொல்லியிருப்பான்? 'யாருய்யா நீ'ன்னு கேட்டிருப்பான். வெள்ளிமணியாம், தூக்கத்துல எழுப்பினாலும் தெரியுமாம்! அவனுக்குத் தெரிஞ்சது என் குரலுங்க. அன்னிக்கு அவன் கேட்டதும் என் குரல்தான். நான் அன்னிக்கு உங்க பக்கத்துல உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார். அவர் ஒரு தொடரைப் பாதியில் அணைத்தது அதுதான் முதல் தடவை.

"விழாவுக்குப் போனவரு..." என்று ஆரம்பித்து, முடிக்கப் பயந்து நிறுத்தினார்.

"அவளை முடிச்சுட்டுத்தான் போயிருக்காரு. போற வழியிலயோ போன இடத்துலயோ போனைப் போட்டு, கேசட்டை ஓடவிட்டிருக்காரு. வாசல்ல இருந்தது ஒரே போன். உள்ளேர்ந்து கூப்பிட்டாலும் வெளியேர்ந்து கூப்பிட்டாலும் அதுதான் அடிக்கும். நானே எத்தனையோ தடவை அதுல கூப்பிட்டிருக்கேன். அந்த அலறல்கூட அவளைப் பார்த்த டிரைவரோடதாத்தான் இருக்கும்."

சொல்லச் சொல்லத்தான் எனக்கே முழுசாக உறைத்தது. ஒரு மனுஷன் என் பேச்சைக் கேட்டு மாடிப்படி ஏறி, இருபது வருஷமாக ஜெயிலில் கிடக்கிறான். அவளைச் சாக்கடையில் போட்டுப் புரட்டினார்களே, டிரைவரைக் கூப்பிட்டவள் என்று? கூப்பிட்டது என் வாய். அவள் குரல் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாத ஊர், அவள் சொல்லாத வார்த்தைக்காக அவள் மேல் சேற்றை வாரி அடித்திருக்கிறது.

வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காத. அவரு இன்னிக்கு எந்த உசரத்துல இருக்காரு, நீ எங்க இருக்க? நீ யாருன்னு கேப்பாங்க. அணில்னு சொல்லுவியா?"

உண்மைதான். இப்போது நான் குழந்தைகள் சேனலில் ஒரு அணிலுக்குப் பேசுகிறேன். வயது உடம்புக்கு ஆகியிருக்கிறதே தவிர, குரலுக்கு ஆகவில்லை.

"அணில் சாட்சி சொல்லிச்சுன்னு பேப்பர்ல போட்டுச் சிரிப்பாங்க. அதோட, வாக்குக் குடுத்திருக்க."

"வாக்குக் குடுத்தது அவ நல்லா இருக்கணும்னு. அவளைக் கொன்னவன் நல்லா இருக்கறதுக்கு இல்ல."

அவர் மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு கிளம்பினார். வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்.

டிரைவருக்காக இன்றைக்கும் மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்கும் ஒரு வக்கீலம்மாவைப் பற்றித் தொடரின் முதல் பகுதியிலேயே காட்டியிருந்தார்கள். ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். மேஜை முழுக்கக் கட்டுக் கட்டாகக் காகிதம், அதன் மேல் திறந்தபடி சாப்பாட்டு டப்பா. தொடர் வந்ததிலிருந்து கண்டவர்களும் வந்து துப்புச் சொல்கிறார்களாம். நேற்றுகூட ஒருவர், கனவில் வெள்ளிமணி வந்ததாகச் சொல்லிவிட்டுப் போனாராம். வக்கீலம்மா அலுப்போடு, "சொல்லுங்க மேடம்" என்றார்.

நான் கதையைச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். அவளுடைய பழைய படம் ஒன்றிலிருந்து, ஊருக்கே மனப்பாடமான நாலு வரியைச் சொன்னேன்.

வக்கீலம்மா கண்ணைத் திறந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. நான் மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். அவர் டப்பாவை மூடினார்.

"அப்ப நான் ஜூனியர். எப்படித் தெரியும்னு கேளுங்க சார்னு சீட்டு எழுதிக் குடுத்ததே நான்தான். அந்த ஆள் பதில் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. சீனியர் சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டாரு. நானும்..." என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு வக்கீலாகப் பேசினார். கேசட் இல்லை. காது போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. டைட்டிலில் என் பெயர் இல்லை. தயாரிப்பாளரிடம் கேட்டால், விளம்பரப் பைத்தியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

"இன்னும் ஒரே ஒரு மனுதான் பாக்கி. அதுவும் தள்ளுபடியானா, டிரைவர் வெளிய வர்றது பொணமாத்தான். நீங்க சொல்றது மட்டும் பத்தாது. நான் கேட்டது இந்தக் குரல்தான்னு அந்த வாட்ச்மேன் வாயால வரணும்."

"கேட்டா சொல்லிடுவாரா?"

"மூணு தடவை போய்ட்டேன். கதவையே திறக்கல. தொடர் வந்ததுலேர்ந்து டி.வி.காரங்க வேற போய்த் தட்டறாங்க. அந்தச் சாட்சி அவருக்கு ஒரு பெருமை மேடம். வெள்ளிமணி கடைசியாப் பேசின ஆளு அவரு. அதை யார் விட்டுக் குடுப்பாங்க?"

கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, வெளியே நின்றே அந்த வசனத்தைச் சொல்வது என்று ஏற்பாடு. வக்கீலம்மாவின் காரில் போகும்போது சொல்லிப் பார்த்தேன். வார்த்தை வந்தது, கொட்டாவி வரவில்லை. பின்சீட்டிலிருந்து வீட்டுக்காரர் உதவிக்கு வந்தார். வாயைத் திறந்து திறந்து அவர் விட்டதில் வக்கீலம்மாவுக்குத்தான் கொட்டாவி வந்ததே தவிர எனக்கு வரவில்லை. இந்த லட்சணத்தில் ஒரு மனுஷனின் உயிர் என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் இருந்தது வரிசையாக நின்ற அடுக்குமாடிகளில் ஒன்றில், மேல் மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. வீட்டுக்காரர் அதைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, இனி அவரை நகர்த்த முடியாது என்று. "நீங்க போங்க, இதை என்னன்னு பார்க்கறேன்" என்று கீழேயே நின்றுவிட்டார். நாங்கள் படியேறினோம். பாதியிலேயே எனக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது.

கதவுக்குப் பின்னால் டி.வி. ஓடுகிற சத்தம். வக்கீலம்மா தட்டினார்.

"யாரு?"

"வக்கீல். போன வாரம் வந்தேனே..."

"எனக்கு எந்த வக்கீலும் வேணாம். சொல்ல வேண்டியதைக் கோர்ட்லயே சொல்லியாச்சு. போங்க, போங்க."

வக்கீலம்மா என்னைப் பார்த்து, சொல்லுங்கள் என்று சைகை காட்டினார். நான் வாயைத் திறந்தேன். வசனம் சுத்தமாக மறந்துபோனது. மைக் முன்னால் முப்பது வருஷம் நின்றவளுக்கு, ஒரு வார்த்தை வரவில்லை.

"ஐயா" என்றேன். "படியேறி வந்ததுல மூச்சு வாங்குது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுப்பீங்களா?"

டி.வி. சத்தம் நின்றது.

உள்ளே எதுவோ நகர்ந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. வக்கீலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தாழ்ப்பாள் திறந்தது.

பனியனோடு ஒரு ஒல்லி மனிதர். தொடரில் காட்டியதுபோல் கோமாளியாக இல்லை. தலை முழுக்க நரை. என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், படிக்கட்டில், கீழே இறங்கும் வளைவில் தேடினார்.

"அம்மா எங்க?" என்றார்.

"எந்த அம்மா, ஐயா?"

அப்போதுதான் அவர் கண் என் வாய்க்கு வந்தது. வந்தது அங்கேயே நின்றது. "இன்னொரு தடவை பேசுங்க" என்றார்.

"அந்தம்மாவுக்குப் படத்துல பேசினது நான்தான் ஐயா. எல்லாப் படத்துலயும். அவங்க குரலை நீங்க கேட்டதே இல்ல."

"இல்ல" என்றார் அவர் உடனே. "இல்ல, இல்ல. அவங்க சொந்தக் குரல். எல்லாப் பேப்பர்லயும் போட்டானே. தேன் குடிப்பாங்க." ஒவ்வொரு வார்த்தைக்கும் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசி வார்த்தையில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வக்கீலம்மா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேசட்டைப் பற்றியும் போனைப் பற்றியும் மெதுவாகச் சொன்னார். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் வணக்கம்னு சொன்னதுக்குப் பதில் வரலியா?" என்றார்.

"அவன் வரமாட்டேன்னுதாம்மா சொன்னான்."

"யாரு?" என்றார் வக்கீலம்மா.

"டிரைவர். கார் சாவியை என் கையில குடுத்துட்டுக் கிளம்பறேன்னான். புள்ளைக்குக் காய்ச்சல், வீட்லேர்ந்து ஆள் வந்துச்சு, காலையில வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லிடுன்னான். நான்தான் விடல. அம்மாவே என்கிட்ட பேசிட்டாங்கன்னு எனக்கு அவ்ளோ பெருமை. ரெண்டு நாள்ல எவனுக்குக் கிடைக்கும்? 'அம்மா சொல்லியும் போகாம இருப்பியா'ன்னு சண்டை புடிச்சேன். கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போய், படி வரைக்கும் விட்டுட்டு வந்தேன்."

வக்கீலம்மா எழுந்துவிட்டார். "அவர் இருபது வருஷமா இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு. ஒருத்தரும் நம்பல. நீங்க ஏங்க சொல்லல?"

"யாரும் என்னைக் கேக்கலியேம்மா."

சுவரைப் பிடித்து எழுந்தார். "எங்க வந்து சொல்லணும்? இப்பவே வர்றேன்" என்று சட்டையை எடுக்க உள்ளே போனார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையில் ஒரு கையை நுழைத்தார். இன்னொரு கை நுழையாமல் அப்படியே நின்றார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டார்.

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் தெரியவில்லை.